பெயரும் வாழ்வும்: கொக்கு ஈக்களைப் பற்றிய இயற்கை வரலாற்று எழுத்து – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நீண்ட கால்களும் மெல்லிய உடலும் கொண்ட கொக்கு ஈக்கள் இருசிறகிப் பூச்சிகளுள் மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்றாகும். உலக அளவில் 15,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் பெயரிடப்பட்டுள்ளன. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவற்றின் இளம்பருவ வாழ்க்கை இன்னும் எழுதப்படவில்லை. இப்பூச்சிகளைப் பற்றிய எழுத்தைப் பட்டியல் எழுத்து, தீங்குயிரி எழுத்து, நிலஞ்சார் எழுத்து என மூன்றாகப் பகுத்து, ஒவ்வொன்றும் உயிரியின் எப்பகுதியைக் காட்டுகிறது, எப்பகுதியை விட்டுவிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தென்னிந்தியக் கொக்கு ஈக்கள் பெயர் பெற்றும் வரலாறு பெறாத நிலையில் இருப்பதும், சேகரிப்புச் சீட்டுகளே அவ்வரலாற்றுக்குத் தொடக்கமாக அமையக்கூடும் என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கொக்கு ஈ, இயற்கை வரலாறு, வகைப்பாட்டியல், அலெக்சாண்டர், சூசை நாதன், பீட் நிலம், சூழலியல் திறனாய்வு.

முன்னுரை

தமிழில் சூழலியல் திறனாய்வு பெரும்பாலும் இலக்கியப் பனுவல்களையே களமாகக் கொண்டு வளர்ந்துள்ளது. கவிதையிலும் புனைகதையிலும் விலங்கும் செடியும் எவ்வாறு இடம்பெறுகின்றன என்பதே அதன் முதன்மை வினாவாக இருந்து வருகிறது. அறிவியல் விவரணையும் ஒரு பனுவலே. அதற்கும் தேர்வு உண்டு, வரிசை உண்டு, சொல்லாமல் விடும் பகுதி உண்டு. ஓர் உயிரியைப் பற்றி ஓராயிரம் பக்கங்கள் எழுதப்பட்ட பின்னரும் அது எதைத் தின்று வாழ்கிறது என்ற வினாவுக்கு விடை கிடைக்காமற் போகுமாயின், அதற்கான காரணம் எழுத்தின் அமைப்பிலும் தேடப்பட வேண்டும்.

இந்நோக்கில் கொக்கு ஈக்களைப் பற்றிய எழுத்து தனிக் கவனத்திற்குரியது. இப்பூச்சி வண்ணத்துப்பூச்சியைப் போல அழகுக்காகப் போற்றப்பட்டதில்லை; கொசுவைப் போல நோய்க்காக அஞ்சப்பட்டதும் இல்லை. பயனும் புகழும் இல்லாத உயிரியை எழுத்து எவ்வாறு கையாள்கிறது என்பதை அறிய இதனினும் பொருத்தமான சான்று அரிது. எழுதப்பட்டவற்றின் உண்மைத்தன்மையை இக்கட்டுரை ஐயுறவில்லை. எழுதும் முறை எதைக் காண வைத்தது, எதைக் காணாமற் செய்தது என்பதே இங்கு ஆய்வுக்குரியது.

கொக்கு ஈயின் உடலும் வாழ்க்கைச் சுழலும்

கொக்கு ஈக்கள் டிபுலாய்டியா என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. டிபுலிடே, லிமோனிடே, பெடிசிடே, சிலிண்ட்ரோடோமிடே என்ற நான்கு குடும்பங்கள் இதில் அடங்கும். சில மில்லிமீட்டரே நீளமுள்ளவை முதல், சிறகு விரிப்பில் பத்துச் சென்டிமீட்டரை எட்டுபவை வரை இவற்றின் அளவு வேறுபடுகிறது. மார்பின் மேற்புறத்தில் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போன்ற பொருத்துக்கோடு, தலையில் தனிக்கண்கள் இன்மை, எளிதில் கழன்று விழும் நீண்ட கால்கள் ஆகியவை இவற்றை இனங்காண உதவும் அடையாளங்கள். கழன்ற கால் மீண்டும் வளர்வதில்லை. பறவையிடமோ சிலந்தியிடமோ ஒரு காலைக் கொடுத்து உயிரைக் காத்துக்கொள்வது இவற்றின் தற்காப்பு முறை.

முன்சிறகுகளுக்குப் பின்னே, பின்சிறகுகள் இருக்க வேண்டிய இடத்தில், குண்டூசி வடிவில் இரு சமநிலை உறுப்புகள் உள்ளன. எல்லா இருசிறகிகளுக்கும் இவை உண்டெனினும் கொக்கு ஈயில் வெறுங்கண்ணாலேயே இவற்றைக் காணலாம். இவற்றை நீக்கினால் பூச்சியால் சீராகப் பறக்க இயலாது என்பதை வில்லியம் டெர்ஹாம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குறிப்பிட்டார். பறக்கும்போது உடல் திரும்புவதை உணரும் சுழல்மானியைப் போன்று இவை இயங்குகின்றன என்பதை ஜே. டபிள்யூ. எஸ். பிரிங்கிள் 1948-இல் விரிவாக விளக்கினார்.

மனிதர் கண்ணில் படுவது முதிர்பருவம் மட்டுமே. அது சில நாள்களே நீடிக்கும். பல சிற்றினங்கள் இப்பருவத்தில் உணவே கொள்வதில்லை. சில பூந்தேனை அருந்துகின்றன. எவையும் கடிப்பதில்லை. இணைசேர்தலும் முட்டையிடுதலும் முடிந்தவுடன் வாழ்வும் முடிகிறது. உண்ணுதல், வளர்தல், குளிரையும் வறட்சியையும் தாங்குதல் என வாழ்வின் மிகப் பெரும்பகுதி புழுப்பருவத்திலேயே நிகழ்கிறது. புழு நான்கு வளர்நிலைகளைக் கடந்து கூட்டுப்புழுவாகிறது. அதன் தலை உடலுக்குள் இழுத்துக்கொள்ளத்தக்கது. உடலின் பின்முனையில் இரு மூச்சுத்துளைகளும் அவற்றைச் சூழ்ந்து விரல் போன்ற மடல்களும் அமைந்திருக்கின்றன. நீரில் வாழும் புழு இம்மடல்களை விரித்து நீர்ப்பரப்பில் மூச்சு வாங்கும். மூழ்கும்போது அவற்றைக் குவித்துத் துளைகளை மூடிக்கொள்ளும்.

புழுக்களின் வாழிடங்கள் வியப்பூட்டும் அளவுக்குப் பலவகைப்பட்டவை. வட அமெரிக்காவின் ஓடைகளில் உதிர்ந்து ஊறிய இலைகளை அரைத்துத் தின்கிறது டிபுலா அப்டோமினாலிஸ். டைக்ரனோட்டா என்னும் பேரினத்தின் புழு சேற்றுப் புழுக்களை வேட்டையாடுகிறது. அதன் ஊனுண்ணும் வாழ்க்கையை எல். சி. மையல் 1893-இல் விவரித்தார். சிலிண்ட்ரோடோமிடே குடும்பத்தின் புழுக்கள் பாசிகளைத் தின்று, பாசியின் தண்டு போலவே பச்சை நிறமும் முள் போன்ற புடைப்புகளும் பெற்றுள்ளன. டெனோஃபோரா மட்கும் மரத்துக்குள் வளர்கிறது. ஹவாய்த் தீவுகளில் ஒரு சிற்றினம் உயிருள்ள இலைக்குள் சுரங்கமிட்டு வாழ்கிறது. கடலோரப் பாறைகளின் பாசிகளிலும் சில உள்ளன. ஆகவே ‘கொக்கு ஈயின் வாழ்க்கை’ என்று ஒருமையில் பேசுவதே ஒரு சுருக்கம். சிற்றினந்தோறும் வாழ்க்கை வேறு.

பெயர்கள் காட்டும் வழி

இப்பூச்சியின் பேரினப் பெயரான டிபுலா, நீர்மேல் ஓடும் பூச்சியைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பெறப்பட்டது. 1758-இல் லின்னேயஸ் இப்பெயரின் கீழ் இன்றைய கொக்கு ஈக்களோடு வேறு பல சிறு கொசு போன்ற பூச்சிகளையும் சேர்த்திருந்தார். பின்வந்தோர் அவற்றைப் பிரித்தெடுத்தனர். ஆங்கிலப் பேச்சு வழக்கில் இதற்கு வழங்கும் ‘நெடுங்கால் அப்பா’ என்ற பெயர் ஒருவகைச் சிலந்திக்கும், சிலந்தியை ஒத்த வேறோர் உயிரிக்கும் வழங்குகிறது. அமெரிக்காவின் சில பகுதிகளில் ‘கொசுப் பருந்து’ என்பர். கொக்கு ஈ கொசுக்களைப் பிடித்துத் தின்னும் என்ற நம்பிக்கை அப்பெயரில் உள்ளது. அந்நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. முதிர்ந்த கொக்கு ஈயின் வாயுறுப்பு வேட்டைக்கு உரியதன்று. மாறாக, இதைப் பேருருவக் கொசுவெனக் கருதி அஞ்சி அடிப்போரும் உளர். ஒரே பூச்சி ஓரிடத்தில் கொசுவின் பகையாகவும் மற்றோரிடத்தில் கொசுவாகவும் ஆகிவிடுகிறது. இரு பெயரீடுகளுக்கும் பொதுவான குறை ஒன்றே: கண்ணுக்குத் தெரிந்த உருவத்திலிருந்து வாழ்க்கையை ஊகித்துக்கொள்ளுதல்.

தமிழில் இதனை எழுதும்போதும் இவ்வினா எழுகிறது. ‘கிரேன் ஈ’ என ஒலிபெயர்த்தால் தமிழ் வாசகர் மனத்தில் பாரந்தூக்கும் எந்திரமே தோன்றும். ‘நெடுங்கால் ஈ’ என்பது உடலைச் சரியாகச் சொல்லினும், ‘நீண்ட பாதமுடையது’ என்று பொருள்படும் கிரேக்கப் பெயரைக் கொண்ட டோலிகோபோடிடே என்ற வேறொரு ஈக்குடும்பத்தோடு குழப்பும். இக்கட்டுரையில் ‘கொக்கு ஈ’ என்னும் ஆட்சி மேற்கொள்ளப்படுகிறது. பறவையின் கால்களை நினைவூட்டுவதோடு, நீரையும் ஈரத்தையும் சார்ந்த வாழ்விடத்தையும் இப்பெயர் தொலைவிலிருந்தேனும் சுட்டுகிறது. வாழிடத்தை நினைவூட்டும் பெயர் உருவத்தை மட்டும் நினைவூட்டும் பெயரினும் மேலானது எனலாம்.

பட்டியல் எழுத்து: புருனெட்டியும் அலெக்சாண்டரும்

இந்தியக் கொக்கு ஈக்களைத் தொகுத்து விவரித்த முதற் பெருநூல், என்ரிகோ புருனெட்டி 1912-இல் வெளியிட்ட தொகுதியாகும். பிரித்தானிய இந்தியாவின் விலங்குகளைப் பற்றிய நூல்வரிசையில், இருசிறகிகளின் நீளுணர்கொம்புப் பிரிவுக்கு உரியதாக அது அமைந்தது. புருனெட்டி தொழிலால் இசைக்கலைஞர். கல்கத்தாவில் இருந்தபடி அருங்காட்சியகச் சேகரிப்புகளை ஆராய்ந்தார். அவர்தம் நூல் இனங்காணும் திறவுகோல்களாலும் விவரணைகளாலும் ஆனது. அது தொடங்கிவைத்த பணியைப் பன்மடங்கு விரித்தவர் அமெரிக்கரான சார்லஸ் பால் அலெக்சாண்டர் (1889–1981).

அலெக்சாண்டரின் முதற் கட்டுரை 1910-இல் வெளிவந்தது. ஏறத்தாழ எழுபதாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் 11,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்களை அவர் விவரித்தார். சராசரியாக இரண்டரை நாளுக்கும் குறைவான இடைவெளியில் ஒரு சிற்றினம் என்று இது கணக்காகிறது. இன்று அறியப்பட்ட கொக்கு ஈக்களுள் மிகப் பெரும்பகுதி ஒரே மனிதரின் மேசையைக் கடந்து வந்தவை. அவர்தம் மனைவி மேபல் 1917 முதல் 1979-இல் மறையும் வரை இப்பணியில் துணைநின்றார். பல்லாயிரம் கண்ணாடிச் சில்லுகளில் பதித்த சிறகுகளும் கால்களும் இனப்பெருக்க உறுப்புகளும் பின்னர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தன.

அலெக்சாண்டரின் விவரணைக்கு ஒரு நிலைத்த வரிசை உண்டு. முதலில் பொதுவான நிறம். அடுத்துத் தலை, உணர்கொம்பு, மார்பு, கால். பின்னர்ச் சிறகும் அதன் நரம்பமைவும். இறுதியில் வயிறும் ஆண் இனப்பெருக்க உறுப்பும். அதன்பின் பூச்சி கிடைத்த இடம், உயரம், நாள், சேகரித்தவர் பெயர் என்பன ஓரிரு வரிகளில் வரும். நெருங்கிய சிற்றினங்களிலிருந்து வேறுபடும் கூறுகளோடு விவரணை முடியும். இவ்வரிசை பயன்மிக்கது, நூறாண்டுக்குப் பின்னும் ஒரு மாதிரியை இனங்காண இது துணைசெய்கிறது. ஆனால் இவ்வெழுத்தில் வினைச்சொற்களுக்கு இடமில்லை என்பது கருதத்தக்கது. பூச்சி பறப்பதில்லை, உண்பதில்லை, முட்டையிடுவதில்லை. நிறங்களும் வடிவங்களும் விகிதங்களும் மட்டுமே அடுக்கப்படுகின்றன. பெண்பூச்சி பெரும்பாலும் துணைநிலையில் நிற்கிறது; புழு அறவே இல்லை. வாழ்நாளின் பெரும்பகுதியைப் புழுவாகக் கழிக்கும் உயிரி, அதன் இறுதிச் சில நாள்களின் உருவத்தால் மட்டுமே எழுத்தில் வாழ்கிறது.

இக்குறையை அலெக்சாண்டரின் அறியாமையாகக் கொள்ளுதல் பொருந்தாது. நியூயார்க் மாநிலக் கொக்கு ஈக்களைப் பற்றிய அவர்தம் பெருநூலின் முதற்பகுதி 1919-இல் வகைப்பாட்டைப் பேசியது. 1920-இல் வந்த இரண்டாம் பகுதி முழுவதும் வாழ்வியலுக்கும் மரபுவழி உறவுகளுக்கும் உரியது. புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் அவற்றின் வாழிடங்களையும் அந்நூல் விரிவாகப் பேசுகிறது. வாழ்க்கை வரலாறு எழுதத் தெரிந்த ஒருவர் பின்வந்த அறுபதாண்டுகளைப் பெரும்பாலும் பெயரிடுவதில் கழித்தார் என்பதே சிந்திக்க வேண்டிய செய்தி.

அதற்கான காரணம் உழைப்புப் பங்கீட்டில் உள்ளது. நியூயார்க்கின் ஓடைகளில் அவரே இறங்கிப் புழுக்களைத் தேட முடிந்தது. ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய நிலங்களின் பூச்சிகளோ பிறரால் பிடிக்கப்பட்டு, உலர்ந்த நிலையில் அவர் வாழ்ந்த மாசசூசெட்சு மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் நகருக்கு அஞ்சலில் வந்தன. உலர்ந்த பூச்சியிடம் வடிவத்தைக் கேட்கலாம். வாழ்க்கையைக் கேட்க இயலாது. பிடிப்பவர் ஒரு நாட்டிலும் எழுதுபவர் வேறொரு நாட்டிலும் இருக்கும்போது, இருவருக்கும் இடையில் பயணிக்கத்தக்க செய்தி மட்டுமே பனுவலாகிறது.

பெயரிட்ட பின்னரே வாழ்க்கை வரலாறு எழுத முடியும். ஆகவே பட்டியலே முதற்கடமை என்று வகைப்பாட்டியலார் கூறுவர். இவ்வாதம் வலிமையுடையது. பெயரில்லாத உயிரியைப் பற்றிய குறிப்பு எதனோடும் இணையாமல் அழிந்துபோகும். ஆயினும் பெயரிடுதல் முதற்படி என்றால் அடுத்த படி ஒன்று இருந்தாக வேண்டும். முதற்படியிலேயே ஒரு நூற்றாண்டு நிற்குமாயின், முதற்படி என்ற சொல் தன் பொருளை இழக்கிறது.

தீங்குயிரி எழுத்து: புல்வெளியின் புழு

பட்டியல் எழுத்து விட்ட புழுவை வேறொரு எழுத்து கையிலெடுத்தது. வட ஐரோப்பாவின் புல்வெளிகளில் டிபுலா பலுடோசா, டிபுலா ஒலெரேசியா ஆகிய சிற்றினங்களின் புழுக்கள் புல்லின் வேரையும் அடித்தண்டையும் தின்கின்றன. தடித்த, சாம்பல் நிறத் தோல் காரணமாக இவற்றுக்குத் ‘தோல்சட்டை’ எனப் பொருள்படும் லெதர்ஜாக்கெட் என்ற ஆங்கிலப் பெயர் அமைந்தது. டிபுலா பலுடோசா ஆண்டுக்கு ஒரு தலைமுறை உடையது. கோடையின் இறுதியில் முதிர்பூச்சி மண்ணிலிருந்து வெளிவரும். பெண், வெளிவந்த அன்றே முட்டையிடத் தொடங்கும். புழு குளிர்காலம் முழுவதும் மண்ணில் இருந்து, இளவேனிலில் மிகுதியாகத் தின்று வளரும்.

இப்புழு வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்வுகளுள் பலரும் அறிந்தது, இலண்டன் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் 1935-இல் நேர்ந்தது. புழுக்கள் புல்லைத் தின்றழித்ததால் ஆடுகளம் திட்டுத்திட்டாக வெறுமையுற்றது. பந்து வழக்கத்தினும் மிகுதியாகச் சுழன்றது. அவ்வாண்டு அங்கு நடந்த டெஸ்ட் போட்டியில் தென்னாப்பிரிக்க அணி 157 ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்றது. இங்கிலாந்து மண்ணில் அதற்கு அதுவே முதல் டெஸ்ட் வெற்றி. சுழற்பந்து வீச்சாளர் பலாஸ்காஸ் ஒன்பது விக்கெட்டுகளை வீழ்த்தினார். கிரிக்கெட் எழுத்தாளர் பலர் இப்புழுவை அதன் பிறகு மறக்கவில்லை. கொக்கு ஈக்கள் பொதுமக்கள் நினைவில் ஒரு கதையாகப் பதிந்த அரிய தருணம் இது. ஆனால் கதையில் அவை பெற்ற பாத்திரம் அழிப்பவர் பாத்திரமே.

வேளாண்மை எழுத்தும் இதே பாத்திரத்தையே நிலைநிறுத்தியது. ஆர்செனிக் கலந்த ‘பாரிஸ் பச்சை’யைத் தவிட்டோடு சேர்த்துத் தூவுவது முதல், பின்னாளில் குளோர்பைரிபாஸ் தெளிப்பது வரை வழிமுறைகள் பேசப்பட்டன. குளோர்பைரிபாஸ் 2020-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விலக்கப்பட்டது. டிபுலா பலுடோசா அட்லாண்டிக்கைக் கடந்து, 1955-இல் கனடாவின் கேப் பிரெட்டன் தீவிலும் 1965-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் கண்டறியப்பட்டபோது இவ்வெழுத்து அங்கும் தொடர்ந்தது.

தீங்குயிரி எழுத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. கொக்கு ஈயின் வாழ்க்கைச் சுழலைப் பற்றி இன்று துல்லியமாக அறியப்படுபவற்றுள் கணிசமான பகுதி இவ்வெழுத்தின் கொடை. உணவு, வளர்ச்சி வேகம், முட்டையின் எண்ணிக்கை, இறப்புக்கான காரணம் என வினைச்சொற்கள் அனைத்தும் இங்கே திரும்பி வருகின்றன. நார்தம்பர்லேண்டில் 1955, 1959 ஆகிய ஆண்டுகளில் டிபுலா பலுடோசா திடீரெனக் குறைந்ததை மில்ன், லாஃப்லின், காக்கின்ஸ் ஆகியோர் 1965-இல் ஆராய்ந்தனர். முட்டைகளும் இளம்புழுக்களும் வறட்சியைத் தாங்கமாட்டா என்பதை அவ்வாய்வு வெளிப்படுத்தியது. ஒரு பூச்சியின் தொகையை மழை எவ்வாறு ஆள்கிறது என்பதற்கு அது சிறந்த விளக்கம்.

இவ்வெழுத்தின் குறை, பகுதியை முழுமையாக்கிக் காட்டுவதில் உள்ளது. 15,000 சிற்றினங்களுள் புல்வெளிக்கும் பயிருக்கும் ஊறுசெய்பவை ஒரு சிலவே. எஞ்சியவற்றின் புழுக்கள் இலைக்குப்பையை மண்ணாக்குகின்றன. மட்கும் மரத்தைச் சிதைக்கின்றன. மீனுக்கும் பறவைக்கும் உணவாகின்றன. எனினும் பொதுநூல்களில் ‘கொக்கு ஈயின் புழு வேர்களைத் தின்னும்’ என்ற ஒற்றை வாக்கியமே கூட்டம் முழுமைக்கும் உரியதாக நிற்கிறது. பட்டியல் எழுத்து பன்மையைக் காத்து வாழ்க்கையை விட்டது. தீங்குயிரி எழுத்து வாழ்க்கையைக் கண்டு பன்மையை விட்டது.

நிலமும் பொழுதும்: பீட் நில ஆய்வுகள்

மூன்றாவது எழுத்துமுறை வட இங்கிலாந்தின் உயர்நிலப் பகுதிகளில் உருவாயிற்று. நீர் தேங்கிய குளிர்நிலத்தில் பாசிகளும் செடிகளும் முற்றும் மட்காமல் படிந்து பீட் நிலம் உண்டாகிறது. பென்னைன் மலைத்தொடரில் உள்ள மூர் ஹவுஸ் என்னும் ஆய்வுக்களத்தில் ஜே. சி. கூல்சன் டிபுலா சப்நோடிகார்னிஸ் என்ற சிற்றினத்தின் வாழ்வியலை ஆராய்ந்து, டிபுலா பலுடோசாவோடு ஒப்பிட்டு 1962-இல் வெளியிட்டார். பீட் நிலத்தின் கொக்கு ஈக்கள் இளவேனிலின் இறுதியில், குறுகிய கால இடைவெளிக்குள் ஒருங்கே வெளிவருகின்றன. பறக்க இயலாத குறுஞ்சிறகுடைய மோலோஃபிலஸ் ஏட்டர் என்ற சிறிய சிற்றினமும் அங்குப் பெருந்தொகையாக உள்ளது. நிலத்தில் கூடுகட்டும் பறவைகளின் குஞ்சுகள் பொரிக்கும் காலமும் இதுவே.

இவ்விணைப்பின் முழுப்பொருளை ஜேம்ஸ் பியர்ஸ்-ஹிக்கின்ஸும் உடன் ஆய்வாளரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு வெளிப்படுத்தியது. ஆகஸ்டு மாதம் வெப்பமாக அமைந்தால் பீட்டின் மேற்பரப்பு உலர்கிறது, இளம்புழுக்கள் மடிகின்றன. அடுத்த இளவேனிலில் வெளிவரும் கொக்கு ஈக்கள் குறைகின்றன. அவற்றை உண்டு வளர வேண்டிய பொன்னிற உப்புக்கொத்திக் குஞ்சுகள் பிழைப்பது அரிதாகிறது. அதற்கடுத்த ஆண்டில் கூடுகட்ட வரும் பறவைகளின் எண்ணிக்கை குறைகிறது. ஒரு கோடையின் வெப்பம் ஈராண்டு கழித்துப் பறவையின் குறைவாகத் தெரியவருகிறது. இடையில் நிகழ்வன அனைத்தும் மண்ணுக்குள், கண்ணுக்குப் புலப்படாத புழுவின் வாழ்வில் நிகழ்கின்றன. புழுவைப் பற்றி அறியாத ஒருவர் பறவையின் குறைவுக்குக் காரணத்தை வானத்தில் தேடியிருப்பார். பழைய வடிகால்களை அடைத்து ஈரத்தை மீட்டால் கொக்கு ஈக்கள் பெருகும் என்பதும் பின்வந்த ஆய்வுகளில் தெரியவந்தது. அறிவு இங்கே செயலுக்கு வழிகாட்டுகிறது.

இவ்வெழுத்தைப் படிக்கும் தமிழ் ஆய்வாளருக்குத் தொல்காப்பியத்தின் பொருட்பகுப்பு நினைவுக்கு வருவது இயல்பு. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், அவற்றில் தோன்றும் உயிர்களைக் கருப்பொருளாகவும் வைக்கும் அம்முறை கவிதைக்காக வகுக்கப்பட்டது, பூச்சியியலுக்காக அன்று. ஆயினும் அதன் வரிசைமுறை ஒரு திறனாய்வுக் கருவியாக இங்குப் பயன்படுகிறது. பட்டியல் எழுத்தில் நிலமும் பொழுதும் விவரணையின் கடைசி வரிக்குத் தள்ளப்படுகின்றன. தீங்குயிரி எழுத்தில் நிலம் என்பது மனிதரின் உடைமையாகச் சுருங்குகிறது. பீட் நில ஆய்வுகளிலோ நிலத்தின் ஈரமும் ஆண்டின் பொழுதும் முதலில் வருகின்றன. அவற்றுக்குள் வைத்தே பூச்சியும் பறவையும் பொருள் பெறுகின்றன. முதற்பொருளை முதலில் வைக்கும் எழுத்தே உயிரியின் வாழ்வைச் சொல்ல வல்லது என்பது இம்மூன்றையும் ஒப்பிடும்போது புலனாகிறது.

பருவத்தோடு உடலைச் சேர்த்துக் காணும் நோக்கு வேறு சிற்றினங்களிலும் புதிய செய்திகளைத் தந்துள்ளது. சிறகற்ற கியோனியா என்ற பேரினத்தின் பூச்சிகள் உறைபனிமேல் நடந்து திரிகின்றன. உடல் உறையத் தொடங்கும்போது, உறையும் காலைத் தாமே கழற்றிவிட்டு உள்ளுறுப்புகளைக் காத்துக்கொள்கின்றன என்பது 2023-இல் வெளியான ஆய்வொன்றால் தெரியவந்தது. கால் கழலுதல் கொக்கு ஈயின் அடையாளக் கூறாக நூல்களில் நெடுங்காலமாக எழுதப்பட்டு வந்த ஒன்று. அக்கூறு குளிர்காலத்தில் வேறொரு வேலையும் செய்கிறது என்பதை உயிருள்ள பூச்சியைப் பனியில் பார்த்தவர்களாலேயே சொல்ல முடிந்தது.

தென்னிந்தியப் பூச்சிகளும் சேகரிப்புச் சீட்டுகளும்

அலெக்சாண்டரின் மேசைக்குச் சென்ற தென்னிந்தியப் பூச்சிகளுள் பெரும்பகுதி பி. சூசை நாதன் என்ற ஒரே சேகரிப்பாளரால் அனுப்பப்பட்டது. கோயம்புத்தூரையும் பின்னர்க் காரைக்கால் பகுதியின் குறும்பகரத்தையும் இருப்பிடமாகக் கொண்டு, ஆனைமலை, நீலகிரி, வாளையாறு முதலிய இடங்களில் அவர் பூச்சிகளைச் சேகரித்தார். கொக்கு ஈக்கள் மட்டுமின்றிக் குளவிகளும் வண்டுகளும் அவரிடமிருந்து உலகின் பல அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. அவர் பெயரைச் சூடிய சிற்றினங்கள் பல. விவரணையில் அவர் சிற்றினப் பெயராகவும், கடைசி வரியில் சேகரித்தவராகவும் இருமுறை இடம்பெறுகிறார். ஆனால் எந்த ஓடையோரத்தில், எந்தச் செடியின் நிழலில், எந்நேரத்தில் அப்பூச்சியைக் கண்டார் என்ற அவருடைய அறிவு விவரணையில் இல்லை. வலையை வீசியவருக்கே தெரிந்திருக்கக்கூடிய அச்செய்திகளைக் கேட்டுப் பெறும் இடம் பட்டியல் எழுத்தின் வடிவத்தில் அமைக்கப்படவில்லை.

இதன் விளைவு இன்றும் தொடர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளிலும் ஓடைகளிலும் வாழும் கொக்கு ஈக்கள் நூற்றுக்கணக்கில் பெயர் பெற்றுள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பான்மையானவற்றின் புழு விவரிக்கப்படவில்லை. சோலைக் காடுகள் தேயிலைக்கும் யூக்கலிப்டசுக்கும் இடம்விட்ட நிலப்பரப்பில், ஈரத்தைச் சார்ந்த புழுக்களுக்கு நேர்ந்தது என்ன என்ற வினாவுக்கு, வாழ்க்கை வரலாறு இல்லாத பெயர்ப்பட்டியலால் விடையளிக்க இயலாது. பீட் நிலத்தில் ஒரு பறவையின் குறைவைப் பூச்சிவழியே விளக்க முடிந்ததற்குக் காரணம், அப்பூச்சியின் வாழ்வு முன்னரே எழுதப்பட்டிருந்தமையாகும். சோலையில் அத்தகைய குறைவு நேருமாயின், காரணத்தைத் தேடத் தொடங்கவும் பனுவல் இல்லை.

இந்நிலையில் விவரணையின் கடைசி வரியை முதல் வரியாக வாசிக்கும் முறை ஒன்று தேவைப்படுகிறது. இடம், உயரம், நாள் என்ற மூன்றும் சேகரிப்புச் சீட்டில் பதிவாகியுள்ளன. ஒரு சிற்றினத்துக்குரிய சீட்டுகளை ஒருங்கு சேர்த்தால் அது எந்தப் பருவத்தில், எந்த உயரத்தில் வெளிவந்தது என்பதன் கோட்டோவியம் கிடைக்கும். அதே இடத்துக்கு அதே பருவத்தில் மீண்டும் சென்றால் பூச்சி இன்றும் உண்டா என்பதைச் சோதிக்கலாம். அருகிலுள்ள ஓடைக்கரைச் சேற்றிலும் பாசியிலும் இலைக்குப்பையிலும் புழுக்களைத் தேடலாம். மரபணுக் குறியீட்டு முறையால் புழுவையும் முதிர்பூச்சியையும் இன்று இணைத்தறிய முடிகிறது. ஆனால் புழு எதைத் தின்கிறது, எத்தனை மாதம் வளர்கிறது, எப்போது கூட்டுப்புழுவாகிறது என்பவற்றை அறிய, அதனை ஈர மண்ணோடு கலத்தில் வைத்து வளர்த்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பெருஞ்செலவு இல்லாத, கல்லூரி அளவிலேயே இயலத்தக்க பணி இது. தாய்மொழியில் எழுதப்படும் களக்குறிப்புகளுக்கும் இதில் உரிய இடம் உண்டு.

முடிவுரை

கொக்கு ஈக்களைப் பற்றிய மூன்று எழுத்துமுறைகளும் ஒரே உயிரியின் வெவ்வேறு பகுதிகளைக் காட்டுகின்றன. பட்டியல் எழுத்து முதிர்பூச்சியின் உருவத்தைத் துல்லியமாகப் பதிவு செய்து, வினைச்சொற்களை இழந்தது. தீங்குயிரி எழுத்து புழுவின் செயலை விரிவாகக் கூறி, ஓரிரு சிற்றினங்களைக் கூட்டம் முழுமைக்கும் பதிலியாக்கியது. நிலஞ்சார் எழுத்து நிலத்தையும் பொழுதையும் முன்வைத்துப் புழு, பூச்சி, பறவை ஆகிய மூன்றையும் ஒரு தொடராக்கியது. எனினும் அது இதுவரை பெரிதும் சில குளிர்நிலங்களுக்கே வாய்த்துள்ளது. முன்னிரண்டும் இன்றி மூன்றாவது எழுந்திருக்க இயலாது என்பதையும் மறத்தல் ஆகாது. கூல்சனுக்குப் பெயர்களைத் தந்தது வகைப்பாட்டியல். ஒப்பிடுவதற்கான வாழ்வியலைத் தந்தது வேளாண் ஆய்வு.

தென்னிந்தியக் கொக்கு ஈக்களைப் பொறுத்தவரை பெயரிடும் பணி பெருமளவு நடந்துள்ளது. அப்பெயர்களுக்குரிய வாழ்வை எழுதும் பணியே எஞ்சி நிற்கிறது. சோலையின் ஈரம் குறைந்து வரும் காலத்தில் அப்பணிக்கு வரம்பற்ற அவகாசம் இல்லை. சூசை நாதனின் சேகரிப்புகளில் இடமும் நாளும் பதிந்த சீட்டுகள் அருங்காட்சியகப் பேழைகளில் இன்றும் உள்ளன. அவை சுட்டும் ஓடைகளுக்குத் திரும்பிச் செல்வதிலிருந்தே அவ்வெழுத்து தொடங்க வேண்டும்.